மூன்று காதுக்கு மூன்று முகவரி

அந்தக் கோட்டுக்கு மூக்கு முளைத்திருந்தது.

மற்ற இடங்களில் எல்லாம் அந்தத் தொகுதி எல்லைக் கோடு ஒழுங்காகத்தான் போனது. பழைய ரயில் பாதையை ஒட்டி இறங்கி, மூடிக் கிடக்கும் பஞ்சாலையைச் சுற்றி, எங்கள் பிளம் ஃபோர்க் ஊரின் தெற்கு ஓரமாக நடந்தது. கட்லர் சந்து வந்ததும் என்ன தோன்றியதோ, திடீரென்று நாலு வீட்டு தூரம் உள்ளே நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வெளியே வந்து தன் வழியே போய்விட்டது. அந்த நாலு வீட்டை மட்டும் இருபத்திரண்டாம் தொகுதியிலிருந்து கிள்ளி எடுத்துப் பக்கத்து நாற்பத்தோராம் தொகுதியில் ஒட்டியிருந்தார்கள்.

"அந்த நாலு வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார் வெர்னா லாட்டிமர்.

"பதினோரு பேர், ரெண்டு நாய்," என்றேன். "நாய்க்கு ஓட்டு இல்ல பாஸ். இருந்திருந்தா ஒண்ண இந்தத் தொகுதிக்கும் ஒண்ண அந்தத் தொகுதிக்கும் பிரிச்சிருப்பானுங்க."

என் பெயர் கிளீட்டஸ் மூர். ஒன்பது வருஷம் இந்த ஊரில் வீடு வீடாகப் பீட்சா கொண்டு போய்க் கொடுத்தவன். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நாய் கடிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதற்காகத்தான் வெர்னா என்னை உதவியாளனாக வைத்திருக்கிறார். வெர்னா அதற்கு மேல். இருபத்திரண்டு வருஷம் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் நில அளவை அலுவலகத்தில் அளவுச் சங்கிலி பிடித்துவிட்டு, பிறகு துப்பறிய வந்தவர். மனிதர்களைவிடக் கோடுகளை அவர் அதிகம் சந்தேகப்படுவார்.

எதிரே குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர் ரோவீனா கிரீன்லீ. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், எட்டு வருஷமாக எங்கள் இருபத்திரண்டாம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அக்டோபர் வெள்ளத்தில் அவர் வீடு போய்விட்டது. அடுத்த கவுண்டியில் தம்பி வீட்டு நிலவறையில் படுத்துக்கொண்டு, ஊருக்குள் வீடு தேடிக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே தொகுதிக்குள் குடியிருந்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்த ஒரு வருஷக் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"கட்லர் சந்துல எந்த வீடு உங்களோடது?" என்றார் வெர்னா.

"பதினாலாம் நம்பர். மூக்கு நுனியில இருக்கு பாரு, அதான்."

"எப்ப குடி போனீங்க?"

"எங்க குடி போனேன்? பத்திரம்கூட இன்னும் எழுதல. கரண்ட் பில்லு இன்னும் செத்துப்போன பழைய வீட்டுக்காரர் பேர்லதான் வருது."

வெர்னா பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்தால் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

"அப்ப இந்தக் கோடு நீங்க இருக்கற வீட்டைத் தேடி வரல ரோவீனா. நீங்க இருக்கப்போற வீட்டைத் தேடி வந்திருக்கு. எந்தப் பதிவேட்டுலயும் இல்லாத வீடு. யார்கிட்ட சொன்னீங்க?"

"மூணே பேர்கிட்ட. சர்ச்சுல மீன் பொரிச்ச அன்னிக்கு ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டோம். மூணு பேரும் நம்ம கட்சி உறுப்பினருங்க. மூணு பேர் தொகுதியும் என் தொகுதிய ஒட்டித்தான் இருக்கு."

பெயர்களைச் சொன்னார். மருந்துக்கடை வைத்திருக்கும் ஹாலிஸ் பிக்கெட். இளம் வக்கீல் டெல்ஃபின் ரோச். இருபத்தாறு வருஷமாக இருபத்தைந்தாம் தொகுதியை விடாமல் பிடித்து வைத்திருக்கும் ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்ட்.

"டெல்ஃபின்தான்," என்றார் ரோவீனா. "மூணு மாசமா அந்தப் பொண்ணு என் முகத்தப் பாத்துப் பேசறதில்ல. ஹாலிஸும் வாயக் காக்கற ஆளில்ல. ஆம்ப்ரோஸ் அண்ணன விட்டுடு. என்னை முதல்ல மேடையேத்தினதே அவருதான். எங்கம்மா சவப்பெட்டிய முன்னால தூக்கினதும் அவருதான்."

"யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுத்தா என்ன பண்ணுவீங்க மிஸ் ரோவீனா?" என்றேன்.

"பஸ் ஓட்டினவ நான். கடைசி சீட்டுல உக்காந்து சேட்டை பண்றவன முன்னால இருக்கற கண்ணாடியிலயே கண்டுபிடிச்சிருக்கேன். ஒருத்தனையும் நடுவழியில இறக்கி விட்டதில்ல. இவன இறக்கி விடுவேன்."

அவர் கோபத்தில் கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. வெட்டப்பட்டது அவர் வீடு மட்டும் இல்லை. ஆளுங்கட்சி போட்ட புது வரைபடத்தில் பிளம் ஃபோர்க்கையே நடுவில் பிளந்து, எங்கள் ஓட்டுகளை ரெண்டு பக்கமும் இறைத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் போட்டவன் விரலை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

*

வெள்ளிக்கிழமை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். கருத்து சொல்ல ஆளுக்கு ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்காக மூணு மணி நேரம் நிற்க வேண்டும்.

மேடையில் பிரெண்டன் ஸ்டோவால் உட்கார்ந்திருந்தான். வரைபடம் வரைவதற்கென்றே ஆளுங்கட்சி வெளியூரிலிருந்து பிடித்து வந்த நிபுணன். வழவழவென்று சவரம் செய்த முகம். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான்.

"உறுப்பினர்கள் எங்க குடியிருக்காங்கன்னு நீங்க பாக்கறதுண்டா?" என்று மைக்கில் கேட்டார் வெர்னா.

"கிடையவே கிடையாது மேடம். எந்த உறுப்பினர் முகவரியும் எனக்குத் தெரியாது, தேவையும் இல்ல."

"யாரும் சொன்னதும் இல்ல?"

"இல்ல."

"அப்ப கட்லர் சந்துல எதுக்கு இந்த வளைவு?"

"அங்க ஒரு ஓடை இருக்கு. இயற்கையான எல்லைய மதிக்கணும்னு விதி."

"இருந்துச்சு தம்பி. எண்பத்தாறாம் வருஷம் அதைக் குழாய்க்குள்ள போட்டு மேல ரோடு போட்டுட்டாங்க. அளந்து குடுத்தது நான். அந்தத் தண்ணிய நீங்க எங்க பாத்தீங்க?"

கூட்டம் சிரித்தது. தலைவர் மணியை அடித்து, உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்றார். மைக்கையும் அணைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும், "அவமானப்படுத்திட்டீங்க பாஸ். இனிமே உஷாராயிடுவான்," என்றேன்.

"உஷாராகட்டும். இந்த மாதிரி ஆளுங்க அவமானப்பட்டா திருந்த மாட்டாங்க, அடுத்த தடவை நல்லா மறைச்சுப் பண்ணுவாங்க. எனக்கு வேண்டியது அவனோட சத்தியம். அது பதிவாயிடுச்சு. இனிமே அது பொய்ன்னு காட்டணும்."

"எப்படி?"

"கோட்டுக்கு இன்னொரு வீட்டைக் காட்டணும்."

*

என் பிக்கப் வண்டியில் ஏறியதும் வெர்னா திட்டத்தைச் சொன்னார். கட்லர் சந்து வீடு கைநழுவிவிட்டது, வேறு வீடு பார்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லாதே என்று ரோவீனா மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று காதுக்கு மூன்று முகவரி. டெல்ஃபினுக்கு மேப்பிள் சாலையில் முடி அலங்காரக் கடை மாடி. பிக்கெட்டுக்கு வெர்னாவின் சித்தி மகள் வீடு. ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்டுக்கு டூப்பெலோ தெரு ஒன்பதாம் நம்பர் மாடி.

"பாஸ், டூப்பெலோ தெரு ஒன்பதாம் நம்பர் எங்க அம்மா வீடு."

"தெரியும். மாடி காலியாத்தானே இருக்கு. இடமும் நல்ல இடம்."

"என்ன நல்ல இடம்? முன்னால டயர் கடை, பின்னால தண்டவாளம். ராத்திரி சரக்கு ரயில் போனா கட்டில் நகரும்."

"எனக்கு அது நல்ல இடம்," என்றதோடு வெர்னா நிறுத்திக்கொண்டார்.

மூன்று வீட்டுக்கும் உண்மையாகவே குத்தகைப் பத்திரம் எழுதி ரோவீனாவிடம் கையெழுத்து வாங்கினார். எங்கள் அம்மா இமோஜீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாடியில் ஜன்னல் ஒன்று திறக்காது, சனிக்கிழமை கோழி பொரிக்கும்போது வாசனை மேலே வரும், அப்புறம் குறை சொல்லக் கூடாது என்றார்.

"ரோவீனா வர்றது நிச்சயம் இல்லம்மா," என்றேன்.

"பின்ன எதுக்குடா ஜன்னல் துணிய துவைக்கச் சொன்னே?"

சனிக்கிழமை காலை பிக்கெட்டின் மருந்துக்கடையில் ஒரு முகவரி. மாலை தொலைபேசியில் டெல்ஃபினுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து, சர்ச் படியில் ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்டின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது. இந்தப் பிள்ளைக்கு ஆண்டவர் ஒரு கூரை கொடுத்தாரே என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்தோம்.

*

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இறுதி வரைபடத்தை வெளியிட்டார்கள். அன்று மாலை நாலு மணிக்கே ஓட்டெடுப்பு. யாரும் படித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் வேலை இது. எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் செய்ய முடியாது.

தலைநகரில் சட்டமன்றத்துக்கு எதிரே ஒரு நகல் கடையில் மூன்று பேரும் அந்தப் பெரிய தாளை விரித்தோம்.

கட்லர் சந்து மூக்கு காணாமல் போயிருந்தது. கோடு நேராகப் போனது.

"ஒரே வாரத்துல ஓடை வத்திடுச்சு பாஸ்."

வெர்னா பென்சிலை எடுத்தார். பென்சில் மேப்பிள் சாலைக்குப் போனது. முடி அலங்காரக் கடை இருபத்திரண்டாம் தொகுதிக்குள் பத்திரமாக இருந்தது. "டெல்ஃபின் சொல்லல," என்றார். பென்சில் கிழக்கே போனது. சித்தி மகள் வீடும் அப்படியே இருந்தது. "பிக்கெட் சொல்லல."

பிறகு டூப்பெலோ தெரு.

எண்பது வருஷமாக அந்தப் பக்கத்தில் எல்லை என்றால் தண்டவாளம்தான். இந்தத் தடவை கோடு தண்டவாளத்தைத் தாண்டி வந்து, எங்கள் தெரு மொத்தத்தையும், டயர் கடையையும் சேர்த்து, விழுங்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. மூக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதனால் தொப்பை மாதிரி அகலமாக வரைந்திருந்தான்.

ரோவீனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இன்னொரு தடவையும் துடைத்தார்.

"இது ஆம்ப்ரோஸ் அண்ணன்கிட்ட சொன்னது," என்றார். "நான் அந்தப் பொண்ணத் திட்டிக்கிட்டே இருந்தேனே."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் வெர்னா.

"சட்டசபைக்கு. என் சீட்டு அவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டு. எல்லார் முன்னாலயும் கேக்கப்போறேன்."

"கேட்டா என்ன ஆகும்? ஸ்டோவால் அஞ்சே நிமிஷத்துல இந்தக் கோட்டைத் தண்டவாளத்துக்கே தள்ளிடுவான். அச்சுப்பிழைன்னு சொல்லுவான். ஆதாரமும் போச்சு, அவரும் தப்பிச்சாரு. இது சட்டமானாத்தான் கேஸ் போட முடியும். நாலு மணி வரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"அவரு இந்தத் தாளைப் பாத்திருப்பாரே. என் வீட்டைத் தொட்டது எனக்குத் தெரிஞ்சுடும்னு தெரியாதா அவருக்கு?"

"பாத்திருக்க மாட்டாரு. வரைபட அறைக்குள்ள ஒவ்வொருத்தரா கூப்பிடுவாங்க. வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு, அவங்கவங்க தொகுதித் தாளை மட்டும்தான் காட்டுவாங்க. பக்கத்துத் தாளைக் காட்ட மாட்டாங்க. ஆம்ப்ரோஸ் பாத்தது போன வாரத்துத் தாள். தன் தொகுதி கெட்டியா இருக்குன்னு தெரிஞ்சதும் வேற எதையும் பாக்கணும்னு யாருக்கும் தோணாது. இருபத்தாறு வருஷமா அவங்க பழகின பழக்கம் அது."

வெர்னா பென்சில் நுனியைத் தாளில் ஒரு இடத்தில் வைத்தார். "இன்னொண்ணையும் பாருங்க ரோவீனா."

ரோவீனா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். ரோவீனா மெதுவாகக் கைப்பையைத் தோளில் சரிசெய்தார்.

"நாலு மணின்னுதானே சொன்ன?"

"நாலு மணி."

*

பார்வையாளர் மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தோம். ஆறு மணி நேரம் ரோவீனா அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டெல்ஃபின் ரோச் எழுந்து, இந்த வரைபடம் ஒரு ஊரையே அறுத்த கத்தி என்று இருபது நிமிஷம் பேசினாள். ரோவீனா அவளுக்கு மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். மூன்று மணி வாக்கில் ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை எடுத்து நீட்டினார். ரோவீனா அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"விஷம் வச்சவன் கையால மிட்டாய் வாங்கித் தின்னுது பாஸ் இந்தம்மா," என்றேன்.

"பேசாம இரு. கத்துக்கோ."

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ஓட்டு. எங்கள் கட்சியில் வரைபடத்துக்கு ஆதரவாக விழுந்தவை மூன்று ஓட்டு. அதில் ஒன்று ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்டுடையது. சபாநாயகர் சுத்தியலை அடித்தார். வரைபடம் சட்டமானது.

வெர்னா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வா. இப்ப பேசலாம்."

*

கீழே உணவு விடுதியில் ஆம்ப்ரோஸ் விட்ஃபீல்ட் வாழைப்பழ புட்டிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது, வெள்ளை மீசை, உடுப்பில் சர்ச் மூப்பர் வில்லை. ரோவீனா எதிரே உட்கார்ந்தார். வெர்னாவும் நானும் ரெண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவர் எங்களைப் பார்த்ததும் கரண்டி ஒரு கணம் நின்றது.

"அண்ணே, டூப்பெலோ தெரு போயிடுச்சு," என்றார் ரோவீனா.

"கேள்விப்பட்டேன்மா. மனசே ஆறல. உனக்கு இப்படியா வந்து விடியணும்."

"யார் சொன்னாங்க உங்களுக்கு? வரைபடத்துல தெரு பேரு எழுதலையே."

விட்ஃபீல்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூணு பேருக்கு மூணு முகவரி சொன்னோம் ஐயா," என்றார் வெர்னா. "ரெண்டு வீட்டை யாரும் தொடல. உங்க காதுல விழுந்த வீட்டைத்தான் கோடு வந்து தூக்கிட்டுப் போச்சு."

"வீட்டுக்காரங்க சொல்லியிருப்பாங்க."

"எங்க அம்மா சொல்லியிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்," என்றேன். "ஸ்டோவாலுக்கு மட்டும் தனியா தெரிஞ்சிருக்காது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மறைப்பதில் பிரயோசனம் இல்லை என்று முடிவு செய்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல்கூட உறுதியாக இருந்தது.

"ஆமா, சொன்னேன். எப்படியும் நம்ம ஊரை ரெண்டா வெட்டத்தான் போறானுங்க. அவனுங்ககிட்ட ஆள் பலம் இருக்கு. என் தொகுதியையும் உடைக்கப் பாத்தானுங்க. ஒரு முகவரி குடுத்தா என்னை விட்டுடறேன்னான் ஸ்டோவால். இருபத்தாறு வருஷம் அனுபவம் உள்ள ஒருத்தன் உள்ள இருக்கறது நம்ம ஜனங்களுக்கு நல்லதில்லையா? உனக்கு இன்னும் வயசு இருக்கு ரோவீனா. அடுத்த தடவை பாத்துக்கலாம். கல்வி வாரியத்துல ஒரு இடம் நான் வாங்கித் தர்றேன்."

"எங்கம்மா பெட்டியத் தூக்கின கை," என்றார் ரோவீனா. "அதே கையாலதான எழுதிக் குடுத்தீங்க?"

"வாயாலதான் சொன்னேன்."

"சரி. வாரியம் எல்லாம் வேணாம் அண்ணே. என் தொகுதி எங்கயும் போகல. மாறியிருக்கு, அவ்வளவுதான். டூப்பெலோ தெரு இப்ப எந்தத் தொகுதியில இருக்குன்னு பாத்தீங்களா?"

வெர்னா தாளை விரித்து அவர் பக்கம் திருப்பினார். விட்ஃபீல்ட் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தண்டவாளத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தாண்டி வந்த தொப்பையைக் கண்டுபிடித்தார். அந்தத் தொப்பைக்குள் என்ன எண் எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் படித்தார்.

"இருபத்தஞ்சு," என்றார்.

"உங்க தொகுதி," என்றார் ரோவீனா.

"அவன் எனக்கு வாக்குக் குடுத்தான்."

"எங்களுக்கும்தான் சத்தியம் பண்ணி ஓடை காட்டினான்," என்றேன்.

"ஒரு கட்சிக்காரங்க ரெண்டு பேரை ஒரே தொகுதிக்குள்ள அடைச்சு அடிச்சுக்க விடறது அவனுங்க ரொம்ப நாளா பண்ற வேலை," என்றார் வெர்னா. "அவனுங்களால அந்த ஆசைய அடக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் மூணு வீட்டையும் பாத்துப் பாத்து எடுத்தேன். டெல்ஃபினுக்குச் சொன்ன வீடு டெல்ஃபின் தொகுதி ஓரத்துல. பிக்கெட்டுக்குச் சொன்னது பிக்கெட் தொகுதி ஓரத்துல. உங்களுக்குச் சொன்னது உங்க ஓரத்துல. யாரு காட்டிக் குடுத்தாலும் ரோவீனா அவங்க தொகுதிக்குள்ளயே வந்து விழணும். குத்தகை போன வாரமே கையெழுத்தாயிடுச்சு. இன்னிக்கு மூட்டை முடிச்சோட போயிடுவாங்க. கெடுவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

விட்ஃபீல்ட் கண்ணாடியைக் கழற்றினார். திடீரென்று எழுபத்திரண்டு வயது முழுவதும் முகத்தில் தெரிந்தது.

"நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா அவனுங்க சிரிப்பானுங்க ரோவீனா."

"சிரிக்கட்டும். நூத்துக்கு எழுபத்தொரு ஓட்டு நம்ம கட்சிதான் அங்க. அவனுங்க ஆள்கூட நிறுத்த மாட்டானுங்க. கட்சிக்குள்ள நடக்கற வேட்பாளர் தேர்தல்ல நீங்களும் நானும்தான். பத்திரமான தொகுதி வேணும்னு கேட்டு வாங்கினீங்க. எனக்கும் பத்திரமாத்தான் இருக்கு. பிளம் ஃபோர்க்ல அறுத்த பாதி உங்ககிட்டதான் வந்திருக்கு. அங்க இருக்கற பசங்க எல்லாம் என் பஸ்ல போனவங்க. இப்ப அவங்களுக்கு ஓட்டு இருக்கு."

வெர்னா கைப்பையிலிருந்து ஒரு வாக்குமூலத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஸ்டோவால் உங்ககிட்ட முகவரி கேட்டான், நீங்க குடுத்தீங்க. அதுதான் இதுல எழுதியிருக்கு, கையெழுத்துப் போடுங்க. அவன் பண்ணின சத்தியம் பொய்யாயிடும். கோர்ட்டுல இந்த வரைபடம் நிக்காது. இனிமே கட்சிக்காரங்க யாரும் கோடு போடக் கூடாது, ரெண்டு பக்கமும் சேராத ஒரு குழு போடட்டும்னு ஜனங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டிருக்காங்களே, அதுக்கும் இதுதான் முதல் சாட்சி."

"நாளைக்கு நம்ம கட்சி ஆட்சிக்கு வந்தா?" என்றார் விட்ஃபீல்ட். "அப்ப அந்தப் பேனா நமக்கு வேண்டாமா? அவனுங்க பண்ணினதத் திருப்பிப் பண்ண வேண்டாமா?"

"அந்தப் பேனா உங்க கையில இருந்திருந்தாலும் எனக்கு இன்னிக்கு நடந்ததுதான் நடந்திருக்கும்," என்றார் ரோவீனா. "யார் கையிலயும் இருக்க வேணாம்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். விட்ஃபீல்ட் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. எங்கள் அம்மா இத்தனை வருஷம் அவருக்குத்தான் சர்ச்சில் முதல் தட்டு பரிமாறியிருக்கிறார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீ விலகிக்குவியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாட்டேன். போட்டாலும் நிப்பேன், போடலைன்னாலும் நிப்பேன். ரெண்டுலயும் நீங்க தோப்பீங்க. போட்டீங்கன்னா, தோத்த பிறகு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குள்ள வந்து உக்காரலாம். போடலைன்னா நான் எல்லாரையும் கூட்டி வச்சுச் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீங்க வெளியில கார் நிக்கற இடத்துலதான் நின்னு ஜெபம் பண்ணணும்."

விட்ஃபீல்ட் புட்டிங் தட்டை ஒதுக்கி வைத்தார். கடைசியில் தாளைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகப் படித்து, கையெழுத்துப் போட்டார். தேதியைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். வர நேரமாகும், சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம், இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார்.

ரோவீனா எழுந்து மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"அண்ணிகிட்ட நாளைக்கு வர்றேன்னு சொல்லுங்க," என்றார். "ஓட்டு கேக்க முதல்ல உங்க வீட்டுக் கதவத்தான் தட்டப்போறேன்."